ஒரு கண்ணுக்கு மட்டும்

"தாடைய இதுல வைங்கக்கா. நெத்திய முன்னாடி ஒட்டுங்க. ஒட்டிட்டீங்களா? நடுவுல மஞ்சளா ஒரு லைட் தெரியுதா?"

தெரிந்தது. தெரியுது என்று சொல்லத் தமயந்தி வாயைத் திறந்தாள். தாடை அசைந்ததும் மஞ்சள் விளக்கும் கூடவே அசைந்தது. "பேசாதீங்க, தலைய மட்டும் ஆட்டுங்க... ஐயோ, தலையையும் ஆட்டாதீங்க" என்று சொல்லிவிட்டு, டெஸ்ட் எடுக்கிற ரெஜினா தானே சிரித்துக்கொண்டாள். இருபத்து மூன்று, இருபத்து நான்கு வயதிருக்கும் அந்தப் பெண்ணுக்கு. காலையிலிருந்து எத்தனை தாடைகளை இதில் வைத்திருப்பாளோ, குரலில் மட்டும் அலுப்பே இல்லை. அலுப்பெல்லாம் தமயந்தியிடம் இருந்தது. ஐந்தரைக்கு எழுந்து, கணவர் இளங்கோவனுக்கு இட்லி அவித்து வைத்து, லால்குடியிலிருந்து நின்றபடியே பஸ்ஸில் இந்தக் கண் ஆஸ்பத்திரிக்கு வந்து, சீட்டு வாங்கி, எழுத்துப் பலகை படித்து, கண் அழுத்தம் பார்த்து, பெஞ்சில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்து, இப்போது மணி பதினொன்றரை. வெளியே பளீரென்று வெயில். இந்த அறையில் மட்டும் விளக்கை அணைத்திருக்கிறார்கள். எதிரே பெரிய வெள்ளைக் கிண்ணம் ஒன்றைக் கவிழ்க்காமல் சாய்த்து நிறுத்தியது போல அந்த மெஷின்; கிண்ணத்தின் வாய்க்குள் அவள் முகம். இடது கண்ணில் பஞ்சு வைத்து மூடியாயிற்று. வலது கையில் ஒரு பொத்தான். "நடு லைட்ட மட்டும் பாருங்க. சுத்தி எங்கயாவது பொட்டு மாதிரி வெளிச்சம் வந்தா அமுக்குங்க. தேடாதீங்க. பாதி வெளிச்சம் யாருக்குமே தெரியாது, மெஷின அப்படித்தான் வச்சிருக்கு, பயப்படாதீங்க. அசதியா இருந்தா பட்டன அமுக்கிப் பிடிச்சுக்கோங்க, விடுற வரைக்கும் மெஷின் நிக்கும்." ஆறு நிமிடம் இந்தக் கண்ணுக்கு. ஆறு நிமிடம் அந்தக் கண்ணுக்கு.

வெளிச்சம். அமுக்கினாள். இன்னொன்று, மேலே. அமுக்கினாள். கீழே வலப்பக்கம், கடுகளவு. அமுக்கினாள். இந்தக் கண்ணுக்கு ஒன்றும் இல்லை, இது நல்ல கண், இரண்டு வருடமாக இதன் அழுத்தம் பதினாறைத் தாண்டியதில்லை. வகுப்பில் முதல் மதிப்பெண் வாங்கும் பிள்ளையை யாரும் கவனிக்காதது போல இந்தக் கண்ணை அவள் கவனித்ததே இல்லை. வெளிச்சம். அமுக்கினாள். டிக் டிக் என்று மெஷினுக்குள் ஏதோ நகர்ந்தது. மருந்துக் கடையில் சீலிங் ஃபேன் இப்படித்தான் சத்தம் போடும், அதன் கீழே நின்றுதான் இருபத்தேழு வருடமாக மாத்திரை எடுத்துக் கொடுக்கிறாள். இன்றைக்கு லீவு சொன்னபோது முதலாளி ரஃபீக் பாய், "தாராளமா போய்ட்டு வாங்கம்மா, நீங்க இல்லாத அன்னைக்குத்தான் எனக்கும் மரியாதை, எவனும் ஃபார்மசிஸ்டம்மா எங்கன்னு கேக்க மாட்டான்" என்றார். கேட்பார்கள். பதினோரு மணிக்கு அரிசி மண்டி காத்தமுத்து வருவான். முதுகு வலிக்கு மாத்திரை கேட்பான். சாப்பிட்டியா என்று கேட்டால் ஆச்சுங்கம்மா என்பான், சாப்பிட்டிருக்க மாட்டான். மூன்று வருடத்துக்கு முன்னால் அப்படித்தான் வெறும் வயிற்றில் நாளுக்கு மூன்று போட்டுப் போட்டு ரத்தமாக வாந்தி எடுத்தான். அந்த மாத்திரை அடக்குகிறதே, உடம்பிலேயே ஊறுகிற ஒன்று, வலியை உண்டாக்குவதும் அதுதான், வயிற்றின் உள்சுவருக்குப் பூச்சுப் பூசிக் காப்பதும் அதுதான், ஒன்றை நிறுத்தினால் மற்றதும் நிற்கும் என்று அவனுக்கு எப்படிச் சொல்வது? சோறு தின்னுட்டுப் போடு என்று மட்டும் சொல்வாள். வெளிச்சம். கொஞ்சம் தாமதமாக அமுக்கினாள். தாமதமானால் கணக்கில் சேருமா? சேராதா? அதை யோசிப்பதற்குள் அடுத்தது வந்து போய்விட்டதோ?

அது. பேர் சொல்லி நினைத்தால் நீளமான பேர், புராஸ்டாகிளாண்டின். முதலில் ஆணின் விந்தில் கண்டுபிடித்தார்கள், ஏதோ ஒரு சுரப்பியிலிருந்து வருகிறது என்று நினைத்து அந்தச் சுரப்பியின் பேரையே வைத்தார்கள், பிறகு பார்த்தால் உடம்பில் அநேகமாக எல்லா இடத்திலும் இருந்தது. ஃபார்மசி படிக்கும்போது ஜெயசீலன் சார் அதைச் சொன்னதும் பின் பெஞ்சில் பையன்கள் கொல்லென்று சிரித்தார்கள். அவர் காத்திருந்தார். சிரிப்பு ஓய்ந்த பிறகு, "ஹார்மோன்னா என்ன? தபால். ஒரு ஊர்ல எழுதி, ரத்தத்துல போட்டு, இன்னொரு ஊர்ல போய்ச் சேரும். இது அப்படி இல்ல. இது காம்பவுண்டு சுவர் மேல எட்டிப் பாத்து அடுத்த வீட்டுக்காரிகிட்ட சொல்ற பேச்சு. செல்லோட சுவர்லயே இருக்கிற கொழுப்பு அமிலத்த உரிச்சு, அந்த இடத்துலயே செஞ்சு, பக்கத்துல இருக்கிறவனுக்குச் சொல்லிட்டு, நிமிஷத்துல செத்துப் போயிடும். சேர்த்து வைக்க முடியாது" என்றார். தபால் என்றதும் எல்லாரும் திரும்பி அவளைப் பார்த்தார்கள், அப்பா தபால்காரர் என்று வகுப்புக்கே தெரியும். சுவர் மேல் எட்டிப் பார்த்துச் சொல்கிற பேச்சு. காய்ச்சல் ஏறு என்று சொல்லும். வீங்கு என்று சொல்லும். கருப்பையைச் சுருங்கு என்று சொல்லும். எட்டாம் வகுப்பில் பள்ளிக்கூடத்துப் பெஞ்சில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு குனிந்து உட்கார்ந்திருந்தாளே, அன்றைக்கு யாரும் சொல்லவில்லை, இது ஒரு கொழுப்பு அமிலம்டி, உன் மேல் அதற்கு ஒரு கோபமும் இல்லை என்று. இன்றைக்கும் பள்ளிக்கூடப் பிள்ளைகள் கடைக்கு வந்து, ஆண்கள் எல்லாரும் போகும்வரை பிஸ்கட் பாக்கெட்டைப் பார்த்துக்கொண்டு நின்று, அப்புறம் மெதுவாக, "அக்கா, அந்த மாத்திரை" என்பார்கள். எந்த மாத்திரை என்று அவள் கேட்டதே இல்லை. வெளிச்சம். அமுக்கினாள். அமுக்கினாள். இரண்டாவது தடவை எதற்கு அமுக்கினாள் என்று தெரியவில்லை.

"சூப்பர்க்கா. இந்தக் கண்ணு முடிஞ்சிருச்சு. தண்ணி குடிக்கிறீங்களா?" வேண்டாம் என்றாள். ரெஜினா பஞ்சை எடுத்து வலது கண்ணில் வைத்தாள். வைக்கும்போது குனிந்து இடது கண்ணை உற்றுப் பார்த்தாள். "இமை முடி நல்லா வளருது போல. சொட்டு மருந்தா?" என்றாள். எத்தனையோ பேரிடம் பார்த்ததைப் பார்த்தது போலத்தான் சொன்னாள், அதில் கேலி ஒன்றும் இல்லை. ஆனாலும் தமயந்திக்குக் காது சூடானது. "ஆமா" என்றாள். கண்ணாடியைக் கழற்றும்போதே தெரிந்திருந்தது. இரண்டு வாரமாக இடது இமை முடி கண்ணாடியில் உரச ஆரம்பித்துவிட்டது.

மஞ்சள் விளக்கு. இந்தக் கண்ணிலும் மஞ்சள் விளக்கு நன்றாகவே தெரிகிறது. அதுதான் இந்தக் கண் அழுத்த நோயின் சாமர்த்தியம். நடுவை விட்டுவிடும், எழுத்துப் பலகையின் கடைசி வரி வரைக்கும் படிக்க விடும், வலிக்காது, சிவக்காது, ஓரத்திலிருந்து ஓசையில்லாமல் தின்றுகொண்டு வரும். தின்ற இடம் இருட்டாகத் தெரிந்தாலாவது மனுஷி சுதாரிக்கலாம். இருட்டும் தெரியாது. அங்கே இருக்க வேண்டியதை மனமே இட்டு நிரப்பிக்கொள்ளும், ஒன்றும் குறையவில்லை என்று சொல்லும். வெளிச்சம், கீழே. அமுக்கினாள். இடப்பக்கம். அமுக்கினாள். கண்ணுக்குள்ளே தண்ணீர் ஊறும், வடியும், ஊறும், வடியும். வடிகிற வழி அடைத்துக்கொண்டால் அழுத்தம் ஏறும், பின்னால் இருக்கிற நரம்பு நசுங்கும். இரண்டு வருடத்துக்கு முன்னால் இருபத்தேழு இருந்தது. டாக்டரம்மா எழுதிக் கொடுத்த சீட்டைப் பார்த்ததும் அவளுக்குச் சிரிப்பு வந்தது. இத்தனை வருடம் புராஸ்டாகிளாண்டினை அடக்குகிற மாத்திரையை விற்றவளுக்கு, அதைப் போலவே செய்த ஒரு மருந்து. சுவர் மேல் எட்டிப் பார்க்கிற அதே பக்கத்து வீட்டுக்காரி, இந்தத் தடவை கண்ணுக்குள் போய், முன் வாசல் அடைத்திருந்தால் என்ன, கொல்லைப்பக்கமாக வடியவிடு என்று சொல்வாள். தினம் சாயங்காலம் ஒரு சொட்டு, இடது கண்ணில் மட்டும். இரண்டே மாதத்தில் பதினேழு. அவள் சும்மா இருப்பாளா, கண்ணுக்குள் வேலை முடிந்ததும் இமையிலும் எட்டிப் பார்த்தாள், வளரு என்றாள். முடி நீண்டது, கறுத்தது, அடர்ந்தது. இமைத்தோலும் மை பூசினது போலக் கறுத்தது. ஒரு கண்ணுக்கு மட்டும்.

வெளிச்சம் வரவில்லை. இன்னும் வரவில்லை. டிக் என்று மட்டும் கேட்டது. டிக். வந்து போயிருக்குமோ? பாதி வெளிச்சம் யாருக்குமே தெரியாது என்று அந்தப் பெண் சொன்னாளே, இது அந்தப் பாதியாக இருக்கும். வலப்பக்கம் மேலே, மூக்குக்கு மேலே உள்ள மூலையில் வெகு நேரமாக ஒன்றும் வரவில்லை. வலது கண்ணுக்கு எல்லா மூலையிலும் வந்ததே. வெளிச்சம், கீழே, நல்ல வெளிச்சம். அமுக்கினாள். தை மாதம் மகள் சிந்துஜாவைப் பெண் பார்க்க ஓசூரிலிருந்து வந்தார்கள். பையனின் அம்மா சௌந்தரம் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே வீட்டை ஒரு சுற்றுப் பார்த்து முடித்துவிட்டாள். காபி டம்ளரை நீட்டிய தமயந்தியின் முகத்தை நிமிர்ந்து பார்த்து, எல்லாருக்கும் கேட்கிற மாதிரி, "என்ன, ஒரு கண்ணுக்கு மட்டும் மை போட்டிருக்கீங்க? இன்னொன்னுக்குப் போடுறதுக்குள்ள நாங்க வந்துட்டோமா?" என்றாள். கூடமே சிரித்தது. இளங்கோவனும் சிரித்தார். சிந்துஜா உள்ளறையிலிருந்து சிரித்தது கேட்டது. தமயந்தியும் சிரித்துக்கொண்டே, "ஆமாங்க, கைவேலையா இருந்துட்டேன்" என்றாள். அப்புறம் சௌந்தரம் ஜாதகத்தை மடியில் வைத்துக்கொண்டு, காய்கறி விலை கேட்கிற மாதிரி, "உங்க பக்கத்துல சுகர், பிரஷர், கண்ணு, அப்படி ஏதாவது பரம்பரையா உண்டா? தப்பா எடுத்துக்காதீங்க, என் நாத்தனார் வீட்டுல கேக்காம விட்டுட்டு இப்ப அவஸ்தப்படுறாங்க" என்றாள். ஒன்றுமில்லைங்க. எங்க அப்பாவுக்கு வயசான காலத்துல கண்புரை, அவ்வளவுதான் என்றாள் தமயந்தி. எவ்வளவு சுலபமாக வந்தது! கடையில் இந்த மாத்திரை இல்லை, வேற கம்பெனி இருக்கு, அதே மருந்துதான் என்று சொல்வது போல வந்தது. டிக். வரவில்லை. டிக்.

கண்புரை இல்லை. கண்புரையும் இருந்தது, எடுத்தார்கள், எடுத்த பிறகும் அப்பாவுக்குத் தெரியவில்லை. "பெரியவரே, கண்ணாடி சுத்தமாயிருச்சு, பின்னால நரம்பு காஞ்சு போச்சே" என்றார் டாக்டர். அதற்கு எத்தனையோ வருடம் முன்பே, யூனிஃபார்ம் போட்டிருந்த காலத்திலேயே, அப்பா வீட்டு நிலைகளில் தலையை இடித்துக்கொள்ள ஆரம்பித்துவிட்டார். ஒவ்வொரு தெருவிலும் இடிப்பார். டீக்கடையில் தொங்குகிற வாழைத்தாரில் இடிப்பார். "தபால்காரர் ரிட்டயர் ஆகுற வயசுலயும் வளந்துகிட்டே இருக்காருப்பா" என்று தெருவே சிரிக்கும். அப்பாவும் நெற்றியைத் தேய்த்துக்கொண்டே சிரிப்பார். மேலே இருப்பது அவருக்குத் தெரியவில்லை என்று ஒருவருக்கும் தோன்றவில்லை, அவருக்கே தோன்றவில்லை, மனம் இட்டு நிரப்பிவிட்டது. அவர் நெற்றியில் எப்போதும் ஒரு புடைப்பு இருக்கும். வீங்கு என்று யாரோ சுவர் மேல் எட்டிச் சொல்லிக்கொண்டே இருந்தார்கள். மேலே. மேலே வெகு நேரமாக ஒன்றுமே வரவில்லை. போன வாரம் கடையில் மேல் தட்டிலிருந்து டானிக் பாட்டிலை எடுத்தபோது அலமாரிக் கதவு முனையில் இடித்துக்கொண்டாளே, அது அவசரத்தில் இடித்தது. அவசரம்தான். டிக். அமுக்கினாள்.

வெளிச்சம் எதுவும் வரவில்லை. வராமலே அமுக்கினாள். கை தானாகச் செய்தது. ஒன்றும் ஆகவில்லை, மெஷின் கத்தவில்லை. டிக் என்றதும் மறுபடி அமுக்கினாள். வெளிச்சம் வருவதற்கு ஒரு தாளம் இருக்கிறது, ஒன்றரை விநாடிக்கு ஒன்று. பஸ் ஸ்டாண்டில் டிக்கெட் கிழிக்கிற தாளம். அதோடு சேர்ந்துகொண்டால் போதும். வெளிச்சம், இது உண்மையானது, அமுக்கினாள். டிக், அமுக்கினாள். நல்ல ரிசல்ட் தாள் ஒன்று கிடைத்தால் டாக்டரம்மா, பரவாயில்லையே தமயந்தி, அப்படியே இருக்கு என்பார். ஏழு மாதத்தைப் பற்றி யாரும் கேட்க மாட்டார்கள். ஏழு மாதம். பெண் பார்த்துவிட்டுப் போன மறுநாள் கடையின் பின்னறைக் கண்ணாடி முன்னால் நின்று, நகம் வெட்டுகிற சின்னக் கத்தரியால் இமை முடியை வெட்டினாள். விழுந்த முடி கன்னத்தில் ஒட்டிக்கொண்டு அரித்தது. இரண்டு வாரத்தில் மறுபடி வளர்ந்தது. நிச்சயதார்த்தத்துக்கு மூன்று வாரம்தான் இருந்தது. அன்றைக்கு சாயங்காலம் ஃப்ரிட்ஜைத் திறந்து மருந்தைப் பார்த்துவிட்டு மூடினாள். ஒரு நாள்தானே. டிவி முன்னாலிருந்து இளங்கோவன், "சொட்டு விட்டியா?" என்றார். விட்டேன். அந்தக் கேள்வியும் அந்தப் பதிலும் ஏழு மாதம் தவறாமல் நடந்தன, மருந்து மட்டும் நடக்கவில்லை. வைகாசியில் கல்யாணம். கல்யாண ஃபோட்டோவில் இரண்டு கண்ணும் ஒன்றுபோலச் சாதுவாக இருந்தன. ஆடிச் சீருக்கு அவர்கள் வருவார்கள் என்று அதுவரை தள்ளினாள். ஆவணியில்தான் மறுபடி விட ஆரம்பித்தாள். கடையில் கண்ணாடித் தடுப்புக்கு இந்தப் பக்கம் நின்றுகொண்டு எத்தனை பேரிடம் சொல்லியிருப்பாள், வலிக்கலங்கிறதுக்காக மாத்திரைய நிறுத்தாதீங்க, உள்ள வேலை நடந்துட்டே இருக்கும் என்று. டிக், அமுக்கினாள். தலைப்பொங்கலுக்கு இன்னும் நாற்பது நாள். சௌந்தரமும் வருகிறாள். இன்றைக்கு நிறுத்தினால் அதற்குள் முடி உதிர்ந்துவிடுமா, போன தடவை எத்தனை நாளில் உதிர்ந்தது? இதை எண்ணிப் பார்க்கிற தன்னைத் தமயந்தி கவனித்தாள். எண்ணிப் பார்த்தது அவள்தான். வேறு யாரும் இல்லை.

"அக்கா." விளக்கு எரிந்தது. ரெஜினா கம்ப்யூட்டர் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "என்னக்கா, வெளிச்சம் இல்லாத இடத்துலயெல்லாம் அமுக்குறீங்க? வெளிச்சமே போடாம மெஷின் சும்மா சத்தம் மட்டும் போட்டுப் பாக்கும், அதுக்கும் அமுக்கியிருக்கீங்க. எல்லாருக்கும் கண்ணுல இயற்கையாவே ஒரு புள்ளி தெரியாது, அங்க போட்டதுக்கும் அமுக்கியிருக்கீங்க. கடவுளுக்கே தெரியாதுக்கா அந்த இடம்." தமயந்தி தாடையை எடுத்துவிட்டு உட்கார்ந்திருந்தாள். மோவாயில் வியர்வை. "இப்படி வந்தா டாக்டர் திருப்பி அனுப்பிடுவாங்க. நீங்க பாஸ் பண்றதுக்கு இது பரீட்சையா? தெரிஞ்சா தெரியுது, தெரியலன்னா தெரியல. பத்து நிமிஷம் கண்ண மூடி உக்காருங்க. மறுபடி எடுப்போம்."

கண்ணை மூடி உட்கார்ந்தாள். மூடியதும் அசதி அலையாக வந்தது, கால் விரலிலிருந்து ஏறியது. பத்து நிமிடம் அல்ல, பத்து நாள் இப்படியே உட்கார்ந்திருக்கலாம் போல இருந்தது. கண்ணை மூடினால் எல்லாருக்கும் ஒன்றுதான். சிந்துஜா எட்டாம் மாதத்திலேயே பிறந்தாள். கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு முழம் நீளத்துக்கு, மூச்சுக்கு மூச்சு விலா குழிந்து குழிந்து எழும். இரண்டாம் நாள் குழந்தை டாக்டர் வந்து ஒரு காகிதத்தில் இதயம் வரைந்து காட்டினார். வயிற்றில் இருக்கிறபோது பிள்ளை மூச்சு விடுவதில்லை, நுரையீரலுக்கு அதிக ரத்தம் வேண்டாம், அதனால் இதயத்துக்கு மேலே ஒரு குறுக்குவழி திறந்தே இருக்கும், பிறந்து ஓரிரு நாளில் தானாக மூடிக்கொள்ளும், இவளுக்கு மூடவில்லை. வழியைத் திறந்து வைத்திருப்பது எது என்று அவர் சொல்வதற்கு முன்னாலேயே அவளுக்குத் தெரிந்துவிட்டது. திற, திற என்று அந்தப் பக்கத்து வீட்டுக்காரி சுவர் மேல் எட்டிச் சொல்லிக்கொண்டே இருக்கிறாள், பிள்ளை வெளியே வந்துவிட்டது, போதும் என்று அவளுக்கு யாராவது சொல்ல வேண்டும். சொல்வதற்கு மருந்து கொடுத்தார்கள், மூன்று நாள், மூன்று வேளை. அந்த மூன்று நாளும் தமயந்தி ஒவ்வொரு நர்ஸிடமும், ஒவ்வொரு டாக்டரிடமும், படுக்கை விரிப்பு மாற்ற வந்தவளிடமும்கூட எல்லாவற்றையும் சொன்னாள். கர்ப்பத்தில் எந்த மாதம் காய்ச்சல் வந்தது, என்ன மாத்திரை போட்டாள், மாமியார் வீட்டில் யாருக்கு இதயக் கோளாறு, தன் சித்திக்குச் செத்துப் பிறந்த பிள்ளை. கேட்காததையெல்லாம் சொன்னாள். ஒன்றை மறைத்தால் பிள்ளை போய்விடும் என்று பயம். நான்காம் நாள் காலையில் டாக்டர் காதிலிருந்து ஸ்டெதஸ்கோப்பை எடுத்துவிட்டு, "சத்தம் நின்னுருச்சும்மா, கதவு சாத்திக்கிச்சு" என்றார். அவ்வளவையும் சொன்னவள்தான். அந்தப் பிள்ளைக்காகத்தான். இந்தத் தடவையும் அந்தப் பிள்ளைக்காகத்தான் என்று ஏழு மாதமும் தனக்குச் சொல்லிக்கொண்டிருந்தாள். அப்பாவுக்கு இருந்தது. தனக்கு இருக்கிறது. சிந்துஜாவுக்கு இருபத்தாறு வயது, ஸ்கூட்டரில் வேலைக்குப் போகிறாள், ஓசூர் ரோட்டில், லாரிகளுக்கு நடுவே. அவளுடைய கண்ணில் தண்ணீர் எப்படி வடிகிறது என்று யாரும் பார்த்ததில்லை. வலிக்காது. சிவக்காது. ஏன் பார்க்கப் போகிறாள்?

"ஆரம்பிக்கலாமா?" மறுபடி தாடை, நெற்றி, பஞ்சு, மஞ்சள் விளக்கு. டிக். வெளிச்சம், கீழே. அமுக்கினாள். வெளிச்சம், இடப்பக்கம் ஓரத்தில், மங்கலாக. அமுக்கினாள். டிக். ஒன்றும் இல்லை. கட்டை விரல் துடித்தது. அமுக்கவில்லை. டிக். ஒன்றும் இல்லை. ஒரு பொத்தானை அமுக்காமல் இருப்பதற்கு இவ்வளவு பலம் வேண்டுமா? டிக். கட்டை விரலைப் பொத்தானிலிருந்து தூக்கி வைத்துக்கொண்டாள். மேலே, வலப்பக்கம் மேலே, யாரோ இவளுக்குத் தெரியாத விளக்குகளை ஏற்றி ஏற்றி அணைத்துக்கொண்டிருந்தார்கள். இரண்டு. மூன்று. நான்கு டிக். அப்பா அந்தப் பக்கத்தில்தான் இடித்துக்கொண்டு நின்றார், நெற்றியைத் தேய்த்துக்கொண்டு. ஐந்து. வெளிச்சம், கீழே. அமுக்கினாள். பாதியில் ஒரு தடவை பொத்தானை அமுக்கிப் பிடித்துக்கொண்டாள், மெஷின் நின்றது, டிக் நின்றது. கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்து கன்னத்துக்கு வந்தது. கண்ணீர் வேறு, அந்தத் தண்ணீர் வேறு, அது வெளியே வராது என்று எத்தனையோ பேருக்கு விளக்கியிருக்கிறாள். விரலை எடுத்தாள். டிக். ஒன்றும் இல்லை. டிக். ஒன்றும் இல்லை. இல்லை என்பதை இல்லை என்றே விட்டுவிட்டாள்.

தாள் வெளியே வந்தது. படிக்கத் தெரிந்தவளுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. போன வருடத் தாளில் மேல் மூலையில் கட்டை விரல் ரேகை அளவுக்குச் சாம்பல் நிறம். இந்த வருடம் அது கறுத்து, வளைந்து, நடுவை நோக்கி ஒரு புருவம் போல இறங்கியிருந்தது. போனது திரும்பாது. மிச்சத்தைக் காப்பாற்றலாம். ரெஜினா ஃபைலைப் புரட்டிக்கொண்டே, வழக்கமாகக் கேட்பது போலக் கேட்டாள். "வீட்டுல வேற யாருக்காவது இந்தப் பிரச்சினை இருக்காக்கா? இல்லன்னு போட்டிருக்கு." போட்டது இவள் சொல்லித்தான். "எங்க அப்பாவுக்கு இருந்துச்சு" என்றாள் தமயந்தி. "அடிச்சுட்டு எழுதிக்க. நடுவுல ஏழு மாசம் நான் மருந்து விடல. அதையும் எழுது." ரெஜினா நிமிர்ந்தாள். "மெடிக்கல்ல வேலை பாக்குறீங்க, நீங்களேவா?" "நானேதான்." "பிள்ளைங்க இருந்தா வருஷத்துக்கு ஒரு தடவை பாக்கச் சொல்லுங்கக்கா. முன்னாடியே பிடிச்சா ஒண்ணும் ஆகாது." "ஒரே பொண்ணு" என்றாள். "ஓசூர்ல இருக்கா."

டாக்டரம்மாவின் அறை வாசலில் இன்னும் ஒன்பது பேர் இருந்தார்கள். ஜன்னல் பக்கம் போனாள். விளக்கில்லாத அறையிலிருந்து வந்ததால் வெயில் இரண்டு கண்ணிலும் குத்தியது. இரண்டிலும் ஒரே மாதிரி குத்தியது. கைப்பையில் ஃபோனைத் தேடி எடுத்து, மகளின் பேரைத் தொட்டு, காதில் வைத்தாள். அடிக்கும்போது ஒரு சின்ன ஆசை, எடுக்காமல் இருக்கட்டும் என்று. எடுத்தது சிந்துஜா இல்லை.

"என்ன சம்பந்தி, இந்நேரத்துல? சிந்து குளிக்கப் போயிருக்கா. இன்னைக்கு லீவுல்ல, மகாராணிக்கு இப்பத்தான் விடிஞ்சுது" என்றது சௌந்தரத்தின் குரல், அதே சிரிப்போடு. பின்னால் குக்கர் விசில். "என்ன விஷயம்? பொங்கலுக்கு எத்தனை பேருன்னு கேக்கவா? எங்கிட்ட சொல்லுங்க, சொல்லிடுறேன்."

அப்புறம் பேசுகிறேன் என்று சொல்லலாம். அந்த இரண்டு வார்த்தையும் தாளத்தோடு நாக்கு நுனிக்கு வந்து நின்றன. தமயந்தி கட்டை விரலைப் பார்த்தாள். பொத்தானின் தடம் இன்னும் அதில் வட்டமாகச் சிவந்திருந்தது.

"இல்ல சம்பந்தி, உங்ககிட்டயே சொல்றேன்" என்றாள். "பொண்ணு பாக்க வந்த அன்னைக்குக் கேட்டீங்களே, ஒரு கண்ணுக்கு மட்டும் மை போட்டிருக்கீங்களான்னு."

"அதுக்கென்ன இப்ப? விளையாட்டுக்குக் கேட்டது."

"அது மை இல்ல சம்பந்தி" என்றாள் தமயந்தி.